டரன்டுலா இரையைத் தொடவில்லையா?

நீங்கள் வளர்க்கும் டரன்டுலா, அதாவது முடியடர்ந்த பெரிய சிலந்தி, நீங்கள் போட்ட பூச்சியைச் சீண்டாமல் இருந்தால் முதலில் அதன் வயிற்றைப் பாருங்கள். உருண்டு பளபளத்து, முடி உதிர்ந்த இடம் கறுத்திருந்தால் தோல் உரிக்கப்போகிறது. அப்போது தீனியே வேண்டாம். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் வற்றக் கூடாது. திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் அது சட்டென்று காய்ந்துவிடும். உயிருள்ள சுவர்க்கோழியை உள்ளே விட்டுவைக்கவே வைக்காதீர்கள். தோல் உரிக்க மல்லாந்து கிடக்கும் சிலந்தியை அது கடித்தே கொன்றுவிடும், பாவம். உரித்த கையோடு விஷப்பற்கள் வெள்ளையாக இருக்கும். அவை நன்றாகக் கறுக்கும்வரை, பெரிய சிலந்தியென்றால் ஒரு வாரம், பத்து நாளாவது, பொறுத்திருங்கள்.

தோல் உரிக்கும் அறிகுறி இல்லையென்றால் இரையை மாற்றிப் பாருங்கள். தீனிக்கென்று வளர்க்கும் கரப்பொத்தான் சில மண்ணுக்குள் புதைந்துகொள்ளும். அதன் தலையை இடுக்கியால் நசுக்கி, கால் துடிக்கும்போதே, இருட்டியபின் சிலந்தியின் முன்னால் வையுங்கள். சிலந்தியின் வயிற்றைவிடப் பெரிய பூச்சி வேண்டாம். நிலாவெளிப் பக்கத் தோட்டங்களில் பிடித்த வெட்டுக்கிளியும் வேண்டாம், மருந்து அடித்திருப்பார்கள். வீட்டுக் கரப்பொத்தானும் அப்படித்தான். காலையிலும் தொடாவிட்டால் எடுத்துவிடுங்கள். வயிறு சுருங்காத பெரிய சிலந்தி வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருந்தாலும் பயமில்லை.