கேம்பரும் ராக்கரும்: ஃப்ரீஸ்டைல் ஸ்கீயை அளந்து தேர்ந்தெடுக்கும் முறை

ஒரு ஸ்கீயை, அதாவது பனிச்சறுக்குப் பலகையைச் சமதளமான மேசைமீது வைத்து, கண்ணை மேசையின் மட்டத்திற்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். நடுப்பகுதி மேசையைத் தொடாமல் சில மில்லிமீட்டர் மேலெழும்பி, முன்னும் பின்னும் மட்டும் ஊன்றியிருந்தால் அது கேம்பர். வில்லைக் கவிழ்த்து வைத்தது போன்ற வடிவம். அதற்கு மாறாக, பூட் (காலணி) நிற்கும் பகுதி மேசையில் படிந்திருக்க, இரு முனைகளும் தோணியின் அணியம்போல வெகு முன்னதாகவே மேலேறத் தொடங்கினால் அது ராக்கர். இன்று கடைகளில் கிடைக்கும் ஃப்ரீஸ்டைல் ஸ்கீகளில் பெரும்பாலானவை இவ்விரண்டின் கலவையே. நடுவில் கேம்பரும், முன்பக்க முனையிலோ பின்பக்க வாலிலோ இரண்டிலுமோ ராக்கரும் இருக்கும். ஆனால் கலவையின் அளவு ஒவ்வொரு ஸ்கீக்கும் வேறு. அட்டையில் அச்சிட்டிருக்கும் பெயர் அந்த அளவைச் சொல்வதில்லை. ஆகவே ஸ்கீ எந்த இடத்திலிருந்து எந்த இடம்வரை பனியைத் தொடுகிறது என்பதை வாங்குபவரே அளந்தறிவதுதான் முதல் வேலை என்று கருதுகிறேன். தாவல் மேடுகளும் கம்பிகளும் அமைத்த பார்க்கிலும், U வடிவப் பனிக்கால்வாயான ஹாஃப்பைப்பிலும் ஸ்கீ நடந்துகொள்ளும் விதத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு தொடுபுள்ளிகளைச் சார்ந்தே அமைகிறது.

இவ்விரு வடிவங்களும் எதற்காகப் பிறந்தன என்பதை அறிந்துகொண்டால் பின்னால் வருவது எளிதில் விளங்கும். நார்வேயின் டெலிமார்க் பகுதியில் ஸ்கீ செய்தவர்கள் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே மரப்பலகையை நடுவில் உயர்த்தி வளைத்தார்கள். நிற்பவரின் எடை காலடியில் மட்டும் குவியாமல் பலகையின் நீளம் முழுவதற்கும் பரவ வேண்டும் என்பதே நோக்கம். சாலமன் நிறுவனம் 1998இல் வெளியிட்ட டென்எய்ட்டி, வாலும் மேல்நோக்கி வளைந்த இருமுனை ஸ்கீயைப் பரவலாக்கிப் பின்னோக்கி இறங்குவதையும் ஓடுவதையும் எளிதாக்கியபோதும், அதன் நடுவில் இருந்தது வழக்கமான கேம்பரே. இந்த மரபை வெளிப்படையாகத் தலைகீழாக்கியவர் ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கி. ஆழமான தூள்பனியில் ஓடுவது நிலத்தில் ஓடுவதைவிட நீர்மேல் சறுக்குவதற்கே நெருக்கமானது என்ற அவருடைய எண்ணத்திலிருந்து உருவான ஸ்பாச்சுலா என்ற ஸ்கீயை வோலன்ட் நிறுவனம் 2002இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதாவது, ராக்கர் தூள்பனியில் மிதப்பதற்காகத் தோன்றியது. இயந்திரத்தால் அழுத்திச் சமன்செய்த கெட்டிப் பனியாலான பார்க்கில் மிதக்க வேண்டிய தேவை இல்லை. அங்கே ராக்கர் செய்யும் பணி முற்றிலும் வேறு. தூள்பனி ஸ்கீயைப் பற்றிப் படித்ததை வைத்துப் பார்க் ஸ்கீயை எடைபோடுவோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

அளக்கும் முறை

ஸ்கீயின் அடிப்பாகத்தைத் துடைத்துவிட்டு, கண்ணாடிப் பலகையோ கருங்கல் மேடையோ போன்ற வளைவில்லாத தளத்தில் வையுங்கள். ஒரு மெல்லிய அட்டையை முன்முனையின் அடியில் நுழைத்து, அது தடைபட்டு நிற்கும்வரை நடுப்பகுதியை நோக்கித் தள்ளுங்கள். தடைபட்ட இடம்தான் முன் தொடுபுள்ளி; அதை ஸ்கீயின் மேற்பரப்பில் காகித நாடா ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். வால் பக்கத்திலும் இவ்வாறே செய்து, இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்து எழுதுங்கள். பிறகு நடுவில் எழும்பியிருக்கும் இடைவெளியை அளவுகோலால் பாருங்கள். காலணியை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங் பொருத்திய ஸ்கீயாயின் அதன் எடையால் இந்த இடைவெளி சற்றுக் குறைந்து தெரியும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

இது எடை ஏறாத ஸ்கீயின் அளவு. ஓடும்போது உங்கள் எடை கேம்பரை அழுத்தித் தட்டையாக்கிவிடும் என்பதால், நடுப்பகுதியைக் கையால் அழுத்தி மேசையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வேறொருவரை அட்டையை நுழைத்து மறுபடி அளக்கச் சொல்லுங்கள். இந்த இரண்டாம் அளவையே நான் அதிகம் நம்புகிறேன். கடையில் மேசை கிடைக்காவிட்டால், ஒரு ஜோடியின் இரண்டு ஸ்கீகளையும் அடிப்பாகம் அடிப்பாகத்தைத் தொடும்படி சேர்த்து, நடுவில் இறுக்கிப் பிடித்து வெளிச்சத்திற்கு எதிரே தூக்கிப் பாருங்கள். இரண்டும் விலகத் தொடங்கும் இடத்தில்தான் ராக்கர் தொடங்குகிறது.

எடுத்துக்காட்டாக, 175 செ.மீ. நீளமுள்ள இரண்டு ஸ்கீகளில் ஒன்று 145 செ.மீ. அளவுக்குப் பனியைத் தொடலாம்; மற்றொன்று 120 செ.மீ. மட்டுமே தொடலாம். பெயரளவில் ஒரே நீளமாயினும் கெட்டிப் பனியில் இரண்டாவது மிகக் குட்டையான ஸ்கீயாகவே உணரப்படும். ராக்கர் மிகுந்த ஸ்கீயை வழக்கமான நீளத்தைவிட 5 முதல் 10 செ.மீ. கூடுதலாக எடுக்குமாறு அனுபவசாலிகள் சொல்வதற்குக் காரணம் இதுவே. ஆனால் ஸ்கீயைச் சாய்த்து விளிம்பில் நிறுத்தி வளைக்கும்போது, குறிப்பாகப் பனி சற்று மென்மையாக இருந்தால், ராக்கர் பகுதியின் விளிம்பும் ஓரளவு பனியைப் பற்றும். எனவே தட்டையாக ஓடும்போது காணும் இழப்பு, சாய்ந்து திரும்பும்போது அதே அளவுக்கு இருக்காது.

இருமுனை ஸ்கீயின் வால் மேல்நோக்கி வளைந்திருப்பதைப் பார்த்து அதையே ராக்கர் என்று எண்ணுவது பரவலான குழப்பம். முனைவளைவு என்பது ஸ்கீயின் கடைசிச் சில சென்டிமீட்டர்களில் சட்டென்று எழுவது. ராக்கர் அதற்கு வெகு முன்பே, சிலவேளை 20 அல்லது 30 செ.மீ. உள்ளிருந்தே, மெல்ல எழத் தொடங்குவது. அட்டையை நுழைத்துப் பார்த்தால் இந்த வேறுபாடு உடனே புலப்படும்.

கிக்கரும் எழும்பு விசையும்

கேம்பர் உள்ள ஸ்கீயில் பாப், அதாவது எழும்பு விசை, அதிகம் என்று எல்லோரும் சொல்வார்கள். அது உண்மை, ஆனால் எப்படி என்பதைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். நடுவில் இருக்கும் மூன்று நான்கு மில்லிமீட்டர் உயரம் மட்டும் ஒரு மனிதரை வானில் தூக்கிவிடாது. கிக்கரின், அதாவது தாவுவதற்கான பனிமேட்டின், விளிம்பில் நீங்கள் எடையைப் பின்னுக்குக் கொண்டுவந்து வாலை வளைக்கும்போது, அந்த வளைவு பல சென்டிமீட்டருக்குச் செல்கிறது. திரும்பி நிமிரும் விசையில் பெரும்பங்கு ஸ்கீயின் மர உள்ளீடும் அதைச் சுற்றிய இழைகளும் தரும் விறைப்பிலிருந்து வருகிறது. கேம்பரின் பங்கு இரண்டு. முதலாவது, நீங்கள் சும்மா நிற்கும்போதே வாலும் முனையும் பனியை அழுத்திக்கொண்டிருப்பதால், வளைக்கத் தொடங்கிய கணத்திலேயே எதிர்விசை கிடைக்கிறது. இரண்டாவது, தொடுபுள்ளி பின்னால் தள்ளி இருப்பதால் நெம்புகோல் நீளமாகிறது. வால் ராக்கர் மிகுந்தால் இந்த இரண்டாவது நன்மை குறைகிறது: எடையைப் பின்னுக்குக் கொண்டுபோனதும் ஸ்கீ வளைவதற்குப் பதிலாகப் பின்னோக்கி உருள்கிறது. ஆகவே விறைப்பான ராக்கர் ஸ்கீயும் மென்மையான கேம்பர் ஸ்கீயும் இருந்தால் எதில் எழும்பு விசை அதிகம் என்பதை வடிவத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. கையால் வாலை வளைத்துப் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள்.

இறங்கும்போது கணக்கு மாறுகிறது. சுழற்சி முழுமை பெறாமல் ஸ்கீ சற்றுக் குறுக்காகத் தரையிறங்கினால், கேம்பர் ஸ்கீயின் தொலைவான தொடுபுள்ளிகள் பனியில் மாட்டிக்கொண்டு ஆளைக் கவிழ்த்துவிடக்கூடும். ராக்கர் ஸ்கீயில் அந்த முனைகள் காற்றில் இருப்பதால் ஸ்கீ வழுக்கியபடியே நேராகத் திரும்ப இடம் கிடைக்கிறது. புதிய சுழற்சிகளைக் கற்றுக்கொண்டிருப்பவருக்கு இந்தப் பொறுத்தருளல் மிகப் பெரிய உதவி. ஆனால் உடல் பின்னால் சாய்ந்த நிலையில் இறங்கினால் நிலைமை தலைகீழாகும்: கேம்பர் வால் முட்டுக்கொடுத்துத் தாங்கும், ராக்கர் வால் தாங்காமல் நழுவ, முனை மேலெழுந்து பின்புறமாக விழ நேரிடும். பெரிய கிக்கர்களை நோக்கி வேகமாக நேரே ஓடும்போது ராக்கர் முனைகள் படபடவென்று அடித்துக்கொள்வதும் பலரை மிரளச் செய்கிறது. முனை அடித்துக்கொள்வதால் மட்டும் ஆபத்து இல்லை. ஆனால் தட்டையாக ஓடும் ராக்கர் ஸ்கீ திசையில் சற்று அலையும் என்பதால், மிக மெல்லியதாகவேனும் ஒரு விளிம்பில் சாய்ந்து ஓடப் பழகிக்கொள்ள வேண்டும்.

ஹாஃப்பைப்

இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒலிம்பிக் ஹாஃப்பைப்பின் சுவர் 22 அடி, அதாவது ஏறத்தாழ 6.7 மீட்டர் உயரம். சுவரின் பனி பெரும்பாலும் ஐஸ்போல இறுகியிருக்கும். சுவரேறும்போது விளிம்பு வழுக்கினால் வேகம் போகும். வேகம் போனால் உயரம் போகும். எனவே விளிம்பின் முழு நீளமும் பனியைப் பற்றும் கேம்பரும், முனையில் மிகச் சிறிய ராக்கரும் மட்டுமே உள்ள, ஓரளவு விறைப்பான ஸ்கீயே இங்கே பொருந்தும்.

ரெயிலும் பட்டரும்

பார்க்கில் சறுக்குவதற்கென நிறுத்தியிருக்கும் கம்பியான ரெயிலுக்குத் தட்டையான அல்லது ராக்கர் ஸ்கீதான் வேண்டும் என்ற கருத்தை நான் முழுமையாக ஏற்பதில்லை. ஸ்னோபோர்டில் ஓடுபவர் பலகையை ரெயிலின் நீளவாக்கில் வைத்தும் சறுக்குவார். அங்கே பலகையின் முழு வடிவமும் வேலை செய்யும். ஸ்கீயில் பெரும்பாலும் உடலைக் குறுக்காகத் திருப்பி, ரெயில் இரு பூட்களுக்கும் அடியில் கடந்துசெல்லும்படியே சறுக்குகிறோம். ரெயிலைத் தொடுவது காலடியிலுள்ள சிறு பகுதிதான்; முனைகள் இரண்டும் காற்றில் இருக்கின்றன. எனவே ரெயில்மீது வடிவத்தின் பங்கு குறைவு. ரெயிலுக்கு ஏறும் கணத்திலும் அதிலிருந்து பனிக்கு இறங்கும் கணத்திலும்தான் அது பேசுகிறது: ஏறும்போது விளிம்பைப் பற்றித் தாவுவதற்குக் கேம்பர் உதவும், பாதி திரும்பிய நிலையில் இறங்கும்போது ராக்கர் காப்பாற்றும்.

பட்டரில்தான் ராக்கர் தன் முழு அழகைக் காட்டுகிறது. பட்டர் என்பது முனையின் மீதோ வாலின் மீதோ எடையைச் சாய்த்து, மறுபாதியைத் தூக்கியபடி பனிமேல் சுழல்வது. முனை ஏற்கெனவே எழுந்திருக்கும் ஸ்கீயில் அந்த நிலைக்குச் செல்ல ஸ்கீயை அதிகம் வளைக்க வேண்டியதில்லை. விளிம்பும் இடையில் மாட்டாது. வேகம் குறைந்த சரிவிலும் ஒருவர் நடனமாடுவதுபோல் சுழல முடிவது இதனால்தான். மென்மையான கேம்பர் ஸ்கீயிலும் பட்டர் செய்யலாம். அதிக வலுவும் துல்லியமும் தேவைப்படும். ஆனால் முனையில் சேமித்த விசையை விடுவித்து எழும்பும் நாலி போன்ற அசைவுகளில் அது தரும் துள்ளல், ராக்கர் ஸ்கீயில் கிடைப்பதைவிட அதிகம்.

பார்க், ரெயில், சிறு கிக்கர் என்று எல்லாவற்றையும் ஒரே ஜோடியில் செய்ய விரும்புபவருக்கு, காலடியில் தெளிவான கேம்பரும் இரு முனைகளிலும் அளவான ராக்கரும் உள்ள ஸ்கீயைத்தான் பரிந்துரைப்பேன். நடுவிலும் கேம்பர் இல்லாத முழு ராக்கர் ஸ்கீயைக் கெட்டிப் பனியில் முதல் ஜோடியாக வாங்க வேண்டாம். தூள்பனியில் பின்னோக்கி இறங்க விரும்புவோருக்கு வால் ராக்கர் அவசியம். இல்லாவிட்டால் வால் பனிக்குள் குத்திக்கொண்டு நின்றுவிடும்.

பொருத்துவதும் கூராக்குவதும்

அளந்து வைத்த தொடுபுள்ளிகள் இன்னும் இரண்டு வேலைகளுக்குப் பயன்படும். பார்க் ஓட்டத்திற்குப் பைண்டிங்கை ஸ்கீயின் நடுவிலோ, அதிலிருந்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் பின்னாலோ பொருத்துவது வழக்கம். முனை ராக்கர் நீளமாகவும் வால் ராக்கர் குட்டையாகவும் இருந்தால், தொடுபகுதியின் நடுப்புள்ளி ஸ்கீயின் நடுப்புள்ளியைவிடப் பின்னால் தள்ளியிருக்கும். இரண்டையும் குறித்து, நிறுவனம் இட்டிருக்கும் கோட்டோடு ஒப்பிட்டுவிட்டுத் துளையிடச் சொல்லுங்கள். பூட்டின் நடுக்கோடு தொடுபகுதியின் நடுவிலிருந்து வெகுவாக முன்னே போனால், திரும்பும்போது ஸ்கீ எதிர்பாராத வகையில் முனையைச் சுற்றிச் சுழலும்.

அடுத்தது விளிம்பு. ரெயிலில் மாட்டாதிருக்கக் காலடி விளிம்பை மழுக்குவோர், முனைகளையும் சற்று மழுக்குவார்கள். முனைகளைத் தொடுபுள்ளியிலிருந்து வெளிப்புறமாக மட்டும் மழுக்குங்கள். அதற்கு உட்பக்கம் மழுக்கினால், ராக்கரால் ஏற்கெனவே குறைந்திருக்கும் பற்றும் நீளம் மேலும் குறையும். ஹாஃப்பைப்புக்கென்று வைத்திருக்கும் ஜோடியில் காலடியையும் மழுக்க வேண்டாம்.

புதிய ஜோடியை முதல் நாளே கிக்கருக்குக் கொண்டுபோகாதீர்கள். தலைக்கவசத்துடன், கூட்டமில்லாத மிதமான சரிவில் இரண்டு மூன்று முறை இறங்குங்கள். ஒருமுறை விளிம்பில் சாய்ந்து நீண்ட திருப்பங்கள், ஒருமுறை தட்டையாக வைத்துக் குறுக்கே வழுக்குவது, ஒருமுறை ஸ்விட்ச், அதாவது பின்னோக்கி ஓடுவது. ஸ்விட்சில் வால் பனியைக் கொத்துகிறதா, தானாக மிதந்து செல்கிறதா என்பதில் வால் ராக்கரின் அளவு கால்களுக்கே தெரிந்துவிடும். சமதளத்தில் நின்றபடி முனைமேல் சாய்ந்தும் சிறு தாவல்கள் தாவியும் பாருங்கள்.

கேம்பர் என்றென்றும் நிலைப்பதன்று. ரெயிலிலும் கடினமான இறக்கங்களிலும் அடிபட்ட ஸ்கீ மெல்ல மெல்லத் தட்டையாகும். பருவத் தொடக்கத்தில் எழுதிவைத்த அளவோடு பருவ இறுதி அளவை ஒப்பிடுங்கள். இரண்டு ஸ்கீகளிலும் ஒரே அளவாகக் குறைந்திருந்தால் அது தேய்மானம், ஒன்றில் மட்டும் குறைந்திருந்தால் அது உள்ளே முறிந்தோ வளைந்தோ இருக்கலாம். பயன்படுத்திய ஸ்கீயை வாங்கும்போதும் இதே சோதனையைச் செய்யுங்கள். கோடைக்கு எடுத்துவைக்கும்போது, நடுவில் பட்டையால் இறுக்கிக் கட்டாமல் இரண்டையும் தனித்தனியே தளர்வாக வையுங்கள்.