பள்ளியிலிருந்து அழைப்பு வந்த பிறகு: ஏ.டி.எச்.டி. இருக்குமோ என்று ஐயுறும் பெற்றோருக்கு

புதிய நாட்டுக்குக் குடிவந்து சில மாதங்களே ஆன நிலையில் பள்ளியிலிருந்து அழைப்பு வருகிறது. பிள்ளை இருக்கையில் உட்காருவதில்லை, தொடங்கியதை முடிப்பதில்லை, தன் முறை வரும்வரை காத்திருப்பதில்லை, ஒருமுறை நேரில் வந்து பேச முடியுமா என்று ஆசிரியர் கேட்கிறார். வாடகை, வேலை, விசா என்று ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லாத பெற்றோர் பலர் இதைக் குற்றச்சாட்டாகவே எடுத்துக்கொண்டு, பிள்ளையைக் கண்டித்துவிட்டு அத்தோடு விட்டுவிடுகிறார்கள். வேறு சிலர் அன்றிரவே இணையத்தில் தேடி, விடிவதற்குள் நோயின் பெயரைத் தாங்களே முடிவுசெய்துவிடுகிறார்கள். இரண்டும் வேண்டாம். நோயறிதல் முடிய மாதங்கள், சில இடங்களில் ஆண்டுகள்கூட ஆகலாம். ஆனால் பள்ளியில் உதவி கேட்பதற்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதைத்தான் புதிதாக வந்தவர்கள் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

ஏ.டி.எச்.டி.யைத் தமிழில் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு என்று எழுதுகிறார்கள். இது மூளையின் வளர்ச்சியோடு தொடர்புடையது. வளர்ப்புச் சரியில்லாததாலோ இனிப்பு அதிகம் தின்றதாலோ வருவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 என்னும் கையேடு, கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகளையும் மிகையியக்கத்துக்கும் அவசரப்போக்குக்கும் சேர்த்து 9 அறிகுறிகளையும் தருகிறது. 16 வயது வரையிலான பிள்ளையிடம் இவற்றுள் ஏதேனும் ஒரு பிரிவில் 6 அறிகுறிகளாவது, வயதுக்குப் பொருந்தாத அளவில், 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும்; அவற்றுட் சில 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும்; வீடு, பள்ளி என்று குறைந்தது இரண்டு இடங்களில் தென்படுவதோடு பிள்ளையின் படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்கவும் வேண்டும். இந்த 'இரண்டு இடங்கள்' என்ற நிபந்தனையைப் பெற்றோர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பள்ளியில் மட்டுமே தலைகாட்டும் தொல்லைக்குப் பள்ளியிலேயே வேறு காரணம் இருக்கலாம்.

நாடு மாறிய பிள்ளையிடம் இந்தக் கணக்கு எளிதில் குழம்பிப்போகும். வகுப்பில் பேசப்படும் மொழி புரியாத பிள்ளை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பதும், நாற்காலியில் நெளிவதும், பக்கத்தில் இருப்பவரைச் சீண்டுவதும் இயல்பே. புதிய மொழிச் சூழலில் வாயே திறக்காமல் பல மாதங்கள் இருக்கும் பிள்ளைகளும் உண்டு. தாத்தா பாட்டியைப் பிரிந்த துயரம், தூக்கக் குறைவு, போரையோ வன்முறையையோ கண்ட நினைவு, சரியாகக் கேட்காத காது, சரியாகத் தெரியாத கண், சில நொடிகள் நினைவு தப்பி மீளும் ஒருவகை வலிப்பு ஆகிய யாவும் வெளிப்பார்வைக்குக் கவனக்குறைவு போலவே தோன்றக்கூடும். எனவே காதையும் கண்ணையும் முதலில் சோதித்துவிடுங்கள். பிறகு, பிள்ளைக்கு நன்றாகத் தெரிந்த தமிழில் ஒரு கதை சொல்லும்போதும், விருப்பமான விளையாட்டின் விதிகளை விளக்கும்போதும், இரண்டு மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொல்லும்போதும் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தமிழிலும் அதே நழுவல் இருந்தால், அதுவும் ஊரில் இருந்த காலத்திலேயே இருந்ததென்றால், புதிய மொழியின் மீது மட்டும் பழிபோட முடியாது.

பலர் எண்ணிப் பாராத இன்னொரு காரணமும் உண்டு. ஒரே வகுப்பில் படிக்கும் பிள்ளைகளுள் வயதில் மிக இளையவர்களுக்கே ஏ.டி.எச்.டி. என்ற முடிவு அதிகமாகத் தரப்படுகிறது என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. இங்கிலாந்தில், பிறந்த நாளை வைத்து வகுப்பைப் பிரிக்கும் எல்லை நாள் ஆகஸ்ட் 31. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் டிசம்பர் 31. ஊரில் வகுப்பிலேயே மூத்தவனாக இருந்த பையன் இங்கே கடைக்குட்டியாகிவிடலாம். ஏறக்குறைய ஓராண்டு மூத்த பிள்ளைகளோடு ஒப்பிட்டே அவன் அடங்காதவன் எனப்படுகிறானா என்று ஆசிரியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

பெண் பிள்ளைகளிடம் இதற்கு நேர்மாறான தவறு நேர்கிறது. ஓடாமல், குதிக்காமல், கனவு கண்டபடி மூலையில் அமர்ந்திருக்கும் சிறுமியால் யாருக்கும் தொல்லை இல்லை. ஆகவே அவளைப் பற்றி எந்த அழைப்பும் வருவதில்லை. நம் வீடுகளில் அவளுக்குக் கிடைக்கும் பெயர் மறதிக்காரி அல்லது சோம்பேறி. பள்ளி சொல்லாவிட்டாலும் உங்களுக்கு ஐயம் இருந்தால் நீங்களே பேச்சைத் தொடங்க வேண்டும்.

"இவன் அப்பாவும் சின்ன வயதில் இப்படித்தான், இப்போது நன்றாக இல்லையா?" என்று உறவினர் சொல்லாத வீடு அரிது. பேச்சை முடித்துவைக்கச் சொல்லப்படும் இந்த வாக்கியம், உண்மையில் மருத்துவருக்கு மிகவும் பயன்படும் செய்தி. ஏ.டி.எச்.டி. குடும்ப வழியாக வலுவாகத் தொடர்வது. இரட்டையர் ஆய்வுகளின்படி அதில் மரபின் பங்கு 70 முதல் 80 விழுக்காடு. அந்த அப்பா இன்றும் சாவியைத் தேடிக்கொண்டும் கட்டணங்களைக் கடைசி நாள் தாண்டிக் கட்டிக்கொண்டும் இருப்பவரானால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அவருக்கே உதவி தேவைப்படலாம்.

இனி, செய்ய வேண்டியவை. முதல் நாளிலேயே ஒரு குறிப்பேட்டைத் தொடங்குங்கள். 'சொன்ன பேச்சைக் கேட்பதில்லை' என்று எழுதுவதால் பயனில்லை. என்ன சொன்னீர்கள், எத்தனை முறை சொன்னீர்கள், அப்போது பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது, முந்தைய இரவு எத்தனை மணிக்குத் தூங்கியது என்று நாளும் நேரமும் போட்டு எழுதுங்கள். நன்றாக நடந்த நாள்களையும் எழுத வேண்டும், ஏனெனில் எது உதவியது என்பதற்கான தடயம் அங்கேதான் கிடைக்கும். ஊரிலிருந்து பழைய பள்ளியின் மதிப்பெண் அட்டைகளையும் ஆசிரியர் குறிப்புகளையும் வரவழைத்து மொழிபெயர்த்து வையுங்கள். புலம்பெயர்வதற்கு முன்பும் இப்படித்தான் இருந்ததா என்ற கேள்விக்கு அவற்றைவிட நம்பத்தகுந்த சாட்சி இல்லை.

அடுத்தது பள்ளி. கேட்பதை எழுத்தில் கேளுங்கள்; வாசலில் நின்று பேசியதற்குப் பதிவு கிடையாது. இங்கிலாந்தில் அரசு நிதியில் நடக்கும் வழக்கமான பள்ளிகளில் 'சென்கோ' எனப்படும் சிறப்புக் கல்வி ஒருங்கிணைப்பாளர் ஒருவர் இருந்தே ஆக வேண்டும். நோயறிதல் இல்லாமலேயே அவர் உதவித் திட்டத்தைத் தொடங்கலாம். அது போதாதபோது, 'இ.எச்.சி. பிளான்' என்ற சட்டபூர்வ உதவித் திட்டத்துக்கான மதிப்பீட்டைப் பெற்றோரே உள்ளாட்சி மன்றத்திடம் கோரலாம். கோரிக்கை முதல் திட்டம் வரை 20 வாரங்கள் என்று விதி சொல்கிறது, நடைமுறையில் இழுபடுவதும் உண்டு. அமெரிக்காவில் மாவட்டப் பள்ளி நிர்வாகம் கட்டணமின்றி மதிப்பீடு செய்ய வேண்டும். மாநிலம் வேறு காலவரையறை வைத்திருந்தாலன்றி, உங்கள் ஒப்புதல் கிடைத்ததிலிருந்து 60 நாள்களுக்குள் அது முடிய வேண்டும். சிறப்புக் கல்விக்குத் தகுதி பெறாத பிள்ளைக்கும் 1973-ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504-ஆம் பிரிவின்கீழ்த் தேர்வில் கூடுதல் நேரம், முன்வரிசை இருக்கை போன்ற வசதிகள் கிடைக்கக்கூடும். ஒன்ராறியோவில், பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவையா என்று முடிவுசெய்யும் 'ஐ.பி.ஆர்.சி.' குழுவின் பார்வைக்கு அனுப்பும்படி பெற்றோர் எழுத்தில் கேட்டால் தலைமையாசிரியர் மறுக்க முடியாது. ஆஸ்திரேலியாவில், கற்பித்தலில் நியாயமான மாற்றங்களைச் செய்யும் கடமையை மாற்றுத்திறனாளிகளுக்கான 2005-ஆம் ஆண்டின் கல்வித் தரவிதிகள் பள்ளிகளுக்கு விதிக்கின்றன.

இங்கே ஓர் எச்சரிக்கை. "முதலில் ஆங்கிலம் பழகட்டும், ஓராண்டு பார்ப்போம்" என்பது நல்லெண்ணத்தோடு வரும் பதில்தான். ஆனாலும் அதற்கு உடனே தலையாட்ட வேண்டாம். வீட்டுமொழி வேறு என்ற காரணத்தால் மட்டும் ஒரு பிள்ளைக்குக் கற்றல் இடர்ப்பாடு உண்டென்று கருதக் கூடாது என இங்கிலாந்தின் 2014-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அமெரிக்கச் சட்டமும் அவ்வாறே ஆங்கிலக் குறைவைக் குறைபாடாக எண்ணக் கூடாது என்பதோடு, இயன்றவரை பிள்ளையின் தாய்மொழியிலேயே சோதிக்கவும் சொல்கிறது. மொழி கற்பதும் மதிப்பீடும் ஒரே காலத்தில் நடக்கலாம். இதே பேச்சில், வீட்டில் தமிழை நிறுத்திவிடுங்கள் என்று யாரேனும் சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டு மொழிகள் பேசுவதால் ஏ.டி.எச்.டி. வருவதில்லை, பிள்ளையைத் தட்டிக்கொடுக்கவும் அதன் மனத்தை அறியவும் உங்களுக்குக் கைவந்த மொழியை இழப்பதில்தான் கேடு இருக்கிறது.

சிறப்பு மருத்துவரிடம் போவதற்குப் பெரும்பாலான நாடுகளில் குடும்ப மருத்துவரே வாயில். அவர் குழந்தை மருத்துவரிடமோ மனநல நிபுணரிடமோ அனுப்புவார். இரத்தப் பரிசோதனையாலோ மூளைப் படத்தாலோ ஏ.டி.எச்.டி.யை உறுதிசெய்ய முடியாது. பெற்றோரும் ஆசிரியரும் தனித்தனியே நிரப்பும் வேண்டர்பில்ட், கானர்ஸ் போன்ற வினாப்படிவங்கள், பிள்ளையின் வளர்ச்சி வரலாறு, நேர்காணல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே முடிவு செய்யப்படுகிறது. படிவத்தில் உள்ள 'அடிக்கடி', 'மிக அடிக்கடி' ஆகிய விடைகளுக்கு நடுவே தடுமாறும்போது, ஊரில் அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்டு விடை குறியுங்கள். நல்ல பெயர் எடுப்பதற்காகக் குறைத்துக் காட்டினால் இழப்பு பிள்ளைக்குத்தான். மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள். இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையில் அதற்குக் கட்டணமில்லை. ஆஸ்திரேலியாவில் 131 450 என்ற எண்ணில் அரசின் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. பிள்ளையையோ அதன் அக்காவையோ மொழிபெயர்க்க வைப்பது கூடவே கூடாது.

வீட்டில் செய்யக்கூடியவை எளியவை போலத் தோன்றினாலும் தளராமல் தொடர்வது கடினம். ஒரு நேரத்தில் ஒரே கட்டளை, அதுவும் அடுத்த அறையிலிருந்து கூவாமல் அருகில் வந்து, முகம் பார்த்து. காலை வேலைகளுக்குச் சுவரில் படங்களோடு ஒரு வரிசை. சரியாகச் செய்த அந்தக் கணமே பாராட்டு. மாதக் கடைசியில் மிதிவண்டி வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதி இப்பிள்ளைகளிடம் எடுபடாது, அவர்களுக்கு மாதக் கடைசி வெகுதொலைவு. இவற்றைப் பயிற்றுவிக்கும் பெற்றோர் பயிற்சி வகுப்புகள் பல ஊர்களில் நடக்கின்றன. இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2019-இல் வெளியிட்டதும், பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கு மருந்துக்கு முன்பே இந்தப் பயிற்சியை வைக்கின்றன. 'பெற்றோருக்குப் பயிற்சி' என்ற பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம்.

அடியைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைதான் வீட்டில் அதிகம் அடிவாங்கும் பிள்ளை. அதனால் அதன் கவனம் கூடுவதில்லை. சுவீடனில் 1979 முதலும், நார்வேயில் 1987 முதலும், ஜெர்மனியில் 2000 முதலும், ஸ்காட்லாந்தில் 2020 முதலும், வேல்ஸில் 2022 முதலும் பெற்றோர் அடிப்பதே சட்டத்துக்குப் புறம்பானது. அமெரிக்காவிலும் கனடாவிலும், துன்புறுத்தலோ என்று ஐயம் எழுந்தால் ஆசிரியரும் மருத்துவரும் அதைக் குழந்தைப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும்.

மருந்து என்றதும் பலர் அஞ்சுகிறார்கள். பெரிதும் பயன்படும் மெத்தில்ஃபெனிடேட் 1950-களிலிருந்து வழக்கில் உள்ளது. பசிக்குறைவும் தூக்கம் தள்ளிப்போவதும் அதன் பொதுவான பக்கவிளைவுகள். ஆகவே எடை, உயரம், இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றைக் குறித்த இடைவெளியில் பார்க்க வேண்டும். காலை உணவை மாத்திரைக்கு முன்பே நன்றாகக் கொடுத்துவிட்டு, மாலையில் பசி திரும்பும்போது இன்னொரு முழு உணவு கொடுத்தால் எடைக்குறைவை ஓரளவு சமாளிக்கலாம். மருந்து வேண்டாம் என்று முடிவெடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. மருத்துவரிடம் சொல்லாமல் நிறுத்துவதும், மாமா வீட்டுப் பிள்ளையின் மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்பதும் வேறு.

விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது இம்மருந்துகள் தனிக் கவனம் கேட்பவை, ஏனெனில் அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளின் பட்டியலில் உள்ளவை. மருந்தின் பெயர், அளவு, பிள்ளையின் பெயர் ஆகியவை அடங்கிய மருத்துவர் கடிதத்தோடு, மருந்தகம் கொடுத்த பெட்டியிலேயே கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம் போன்ற நாடுகளுக்குள் நுழைவதானால் முன்அனுமதி தேவைப்படும். ஏ.டி.எச்.டி.க்கே தரப்படும் அடரால் போன்ற ஆம்ஃபெட்டமின் வகை மருந்துகளை மருத்துவச் சீட்டு இருந்தாலும் ஜப்பானுக்குள் கொண்டுசெல்ல முடியாது. பயணச்சீட்டு எடுத்த கையோடு, இறங்கும் நாடு, இடைத்தங்கும் நாடு ஆகிய இரண்டின் விதிகளையும் அந்தந்தத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். அனுமதிக் கடிதம் வர வாரக்கணக்கில் ஆகலாம்.