அமெரிக்கத் தேசியப் பூங்காக்களின் தட்பவெப்பத்தை ஒப்பிடுவது எப்படி? தொடக்கநிலையினருக்கான செய்முறை

ஜூலை மாதம் அரிசோனாவின் மாபெரும் ஆற்றுப் பள்ளத்தாக்கான கிராண்ட் கேன்யனில் வெயில் எப்படி இருக்கும்? இதற்கு ஒரே பதில் கிடையாது. வடக்கு விளிம்பில் பகல் உச்ச வெப்பம் சராசரியாக 25 டிகிரி செல்சியஸ், தெற்கு விளிம்பில் 29, கீழே ஆற்றங்கரையில் உள்ள ஃபாண்டம் ராஞ்சில் 41. மூன்றும் ஒரே பூங்காவுக்குள்தான் இருக்கின்றன. பூங்காவின் பெயருக்கு நேராக ஒரே ஒரு எண்ணை எழுதி ஒப்பிட்டால் முதல் வரியிலேயே கணக்கு தப்பிவிடும். நாம் ஒப்பிட வேண்டியது வானிலை நிலையங்களை.

இதற்கு ஒரு விரிதாள் போதும். கூகுள் ஷீட்ஸ், எக்ஸெல் எதுவானாலும் சரி.

படி 1: நிலையத்தைத் தேர்ந்தெடுங்கள்

மூன்று இடங்களோடு தொடங்கலாம்: கலிஃபோர்னியாவின் பாலைவனப் பூங்காவான டெத் வேலியின் ஃபர்னஸ் கிரீக், வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பிக் பூங்காவில் உள்ள ஹோ மழைக்காடு, கலிஃபோர்னியா மலைகளில் உள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கு. ஒவ்வொன்றின் பெயருக்குப் பக்கத்திலும் கடல் மட்டத்திலிருந்து அதன் உயரத்தைக் கட்டாயம் எழுதுங்கள். யோசெமிட்டி பள்ளத்தாக்கு சுமார் 1,200 மீட்டர். ஃபர்னஸ் கிரீக் கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 58 மீட்டர் என்பதால் அதற்குக் கழித்தல் குறி போட வேண்டும். அதை விட்டுவிட்டால் பின்னால் வரும் உயரக் கணக்கு முழுவதும் பிசகிவிடும்.

படி 2: 30 ஆண்டுச் சராசரியை எடுங்கள்

சுருக்கமாக நோவா என்று அழைக்கப்படும் அமெரிக்கக் கடல், வளிமண்டல நிர்வாகம், ‘கிளைமேட் நார்மல்ஸ்’ என்ற பெயரில் 30 ஆண்டுச் சராசரிகளை இலவசமாகத் தருகிறது. இப்போது நடப்பில் இருப்பது 1991–2020 தொகுப்பு. மாத வாரியாக உச்ச வெப்பம், குறைந்த வெப்பம், மழையளவு ஆகிய மூன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். ஓர் இடத்துக்கு 1981–2010, இன்னொன்றுக்கு 1991–2020 என்று கலக்கக் கூடாது. அப்படிக் கலந்தால் இடங்களுக்கு இடையிலான வேறுபாடும் காலப்போக்கில் கூடிய வெப்பமும் ஒன்றாகக் குழம்பிவிடும்.

உச்சப் பதிவுகளை ஒப்பீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். 1913 ஜூலை 10 அன்று டெத் வேலியில் பதிவான 56.7 டிகிரி புகழ்பெற்ற எண்தான். ஆனால் அது ஒரு நாளின் வானிலை. 2023 ஆகஸ்ட் 20 அன்று அதே ஃபர்னஸ் கிரீக்கில் ஒரே நாளில் 55.9 மி.மீ. மழை கொட்டியது. அங்கே ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழையே ஏறக்குறைய அவ்வளவுதான்! அந்த ஒரு நாளை வைத்து டெத் வேலி ஈரமான இடம் என்று யாராவது முடிவு கட்டுவார்களா?

படி 3: அலகுகளை மாற்றுங்கள்

தரவு ஃபாரன்ஹீட்டிலும் அங்குலத்திலும் இருக்கும். ஃபாரன்ஹீட்டிலிருந்து 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுத்தால் செல்சியஸ். அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கினால் மி.மீ. ஹோ மழைக்காட்டின் ஆண்டு மழை சுமார் 140 அங்குலம், அதாவது 3,550 மி.மீ.

இங்கே பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு இடங்களுக்கு இடையே 18 ஃபாரன்ஹீட் வேறுபாடு என்றால் அது 10 செல்சியஸ் வேறுபாடு. வேறுபாட்டை மாற்றும்போது 32-ஐக் கழிக்கக் கூடாது.

பனிக்கும் இதே கவனம் வேண்டும். ‘பிரெசிபிடேஷன்’ (மொத்தப் பொழிவு) என்ற நிரலில் உருகிய பனியின் நீரும் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. ‘ஸ்னோஃபால்’ என்பது விழுந்த பனியின் ஆழம். இரண்டையும் கூட்டினால் அதே நீரை இருமுறை எண்ணியதாகிவிடும்.

படி 4: உயரத்தைக் கணக்கில் எடுங்கள்

1,000 மீட்டர் ஏறினால் சுமார் 6.5 டிகிரி குறையும் என்பது பொது விதி. யோசெமிட்டி பள்ளத்தாக்கில் ஜூலை உச்சம் சுமார் 32 டிகிரி. அதே பூங்காவில் 2,600 மீட்டர் உயரத்தில் இருக்கும் டுவாலமி புல்வெளி அதைவிட 1,400 மீட்டர் மேலே. 1.4 × 6.5 = 9.1. ஆக, அங்கே 23 டிகிரியை ஒட்டி எதிர்பார்க்கலாம்.

இதே விதியைக் கிராண்ட் கேன்யனில் போட்டுப் பாருங்கள். தெற்கு விளிம்பிலிருந்து ஃபாண்டம் ராஞ்ச் ஏறத்தாழ 1,350 மீட்டர் கீழே இருக்கிறது. விதிப்படி 29 + 8.8, அதாவது 38 டிகிரிதான் வர வேண்டும். உண்மையில் 41! விதியில் பிழை இல்லை. 6.5 என்பது ஈரமும் வறட்சியும் கலந்த காற்றின் சராசரி. ஈரம் இல்லாத காற்று கீழே இறங்கும்போது 1,000 மீட்டருக்கு 9.8 டிகிரி வரை சூடேறும். கோடைப் பகலில் கேன்யனின் காற்று கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கிறது. போதாததற்குச் சுற்றியுள்ள பாறைச் சுவர்களும் வாங்கிய வெப்பத்தைத் திருப்பி வீசுகின்றன. விளிம்பின் குளுமையை நம்பி, போதிய தண்ணீர் இல்லாமல் கீழே நடந்து இறங்குபவர்கள் ஆபத்தில் சிக்குவது இதனால்தான்.

காற்றசைவு இல்லாத குளிர்கால இரவுகளில் கதை தலைகீழ். குளிர்ந்த, கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அப்போது மேட்டைவிடப் பள்ளமே அதிகம் குளிரலாம். ஆகவே பொது விதியை இரவின் குறைந்த வெப்பத்துக்குப் போட வேண்டாம்.

படி 5: மலையின் எந்தப் பக்கம் என்று பாருங்கள்

ஒலிம்பிக் மலைகளின் மேற்கே ஹோ மழைக்காட்டில் 3,550 மி.மீ. மழை. அங்கிருந்து 100 கி.மீ. கூட இல்லாத, வடகிழக்கே உள்ள ஸ்க்விம் ஊரில் வெறும் 400 மி.மீ. அளவுதான். பசிபிக் காற்று மலையேறும்போது குளிர்ந்து, ஈரத்தை மேற்குச் சரிவிலேயே கொட்டிவிடுகிறது. மறுபக்கம் மழை மறைவுப் பகுதி. டெத் வேலியின் வறட்சிக்கும் இதே காரணம்தான். கடலிலிருந்து வரும் காற்று சியரா நெவாடா உட்படப் பல மலைத்தொடர்களைத் தாண்டித்தான் அங்கே வர வேண்டும். விரிதாளில் ‘காற்று வரும் பக்கம் / மறைவுப் பக்கம்’ என்று ஒரு நிரல் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படி 6: மாதவாரியாக வரையுங்கள்

ஆண்டு மொத்தம் எப்போது மழை பெய்கிறது என்பதைச் சொல்லாது. ஃபுளோரிடாவின் சதுப்புநிலப் பூங்காவான எவர்கிளேட்ஸில் மழை பெரும்பாலும் மே முதல் நவம்பர் வரை. யோசெமிட்டியிலோ குளிர்காலத்தில்: ஜனவரியில் 150 மி.மீ.க்கு மேல், ஜூலையில் 10 மி.மீ. அளவே.

மழைக்குப் பட்டை வரைபடம் போடும்போது எல்லா இடங்களுக்கும் செங்குத்து அச்சின் உச்ச அளவை நீங்களே ஒரே எண்ணாக அமையுங்கள். விரிதாளின் தானியங்கி அமைப்பில் விட்டால் டெத் வேலியின் 10 மி.மீ. பட்டையும் ஹோவின் 500 மி.மீ. பட்டையும் ஒரே உயரத்தில் நிற்கும்.

பிறகு வறண்ட மாதங்களைக் கண்டுபிடிக்க, வால்டர், லீத் என்ற இரு ஆய்வாளர்களின் பெயரால் வழங்கும் வால்டர்–லீத் முறை. மாதத்தின் உச்ச, குறைந்த வெப்பங்களைக் கூட்டி 2-ஆல் வகுத்தால் சராசரி. அதை 2-ஆல் பெருக்குங்கள். மாத மழை (மி.மீ.) அந்த எண்ணைவிடக் குறைவு என்றால் அது வறண்ட மாதம். யோசெமிட்டி பள்ளத்தாக்கின் ஜூலைச் சராசரி 23 டிகிரி. இருமடங்கு 46, மழையோ 10. ஆண்டுக்கு 900 மி.மீ.க்கு மேல் பெற்றாலும் அந்த மாதம் வறண்டதுதான். புகழ்பெற்ற யோசெமிட்டி அருவி கோடை முடிவதற்குள் பல ஆண்டுகளில் வற்றிப்போவது ஏன் என்பது இந்த ஒற்றை வரியிலேயே தெரிந்துவிடும்.