எழுபதடி மனைக்குள் ஒரு 40 மீட்டர் ஆன்டெனா

பினாங்கு, குளுகோரில் என் வீடு மாடியில்லாத பழைய வரிசை வீடு. மனை 20 அடி அகலம், 70 அடி நீளம். ஹேம் ரேடியோவுக்கு, அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக வானொலியில் பேசும் கலைக்கு, புதிதாக வரும் இளையவர்கள், "அண்ணே, எந்த ஆன்டெனா வாங்கலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கையில் ஒரு கயிற்றைக் கொடுத்து, முதலில் வீட்டை அளந்து வரச் சொல்வேன். கம்பியின் இரண்டு முனைகளையும் எங்கே கட்ட முடியும்? நடுவில் எவ்வளவு உயரம் கிடைக்கும்? மின்கம்பி எந்தப் பக்கம் போகிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

மின்கம்பி போகும் பக்கத்தை அடியோடு விட்டுவிடுங்கள். நீங்கள் நிறுத்தும் கம்பம் சாய்ந்தாலும், கம்பி அறுந்து காற்றில் பறந்தாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது. அந்த அளவு தூரம் இல்லையென்றால் அங்கே ஆன்டெனா வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். 40 மீட்டர் என்பது கம்பியின் நீளமல்ல, 7 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசைப் பகுதியின் (பேண்டின்) பெயர்; அலையின் நீளம் ஏறக்குறைய அவ்வளவு. நடுவில் கேபிள் இணைத்து இரு கைகளாக நீளும் கம்பிதான் டைபோல். அரை அலை டைபோலின் நீளம் மீட்டரில் வேண்டுமானால் 143-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுக்க வேண்டும். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு 20.1 மீட்டர். 70 அடி என்பது 21.3 மீட்டர். நேராகக் கட்டினால் மனைக்குள் அடங்கும், ஆனால் இரு முனைகளிலும் உயரமான கம்பம் வேண்டும். அதனால் நான் தலைகீழ் வி வடிவத்தைத் தேர்ந்தெடுத்தேன். வீட்டு நடுவே வெளிச்சத்துக்காக விட்ட ஏர்வெல் இருக்கிறது. அதன் சுவரோடு 20 அடி இரும்புக் குழாயை முடுக்கி, மேலே 2 மீட்டர் ஃபைபர் கம்பைச் சேர்த்தேன். உச்சி தரையிலிருந்து 8 மீட்டர். இரு கைகளும் முன்வாசலுக்கும் பின்சந்துக்கும் இறங்கி 3 மீட்டரில் நிற்கின்றன. ஒரு கை 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் இறக்கம் என்றால் உச்சியில் 120 பாகை கோணம் வரும். தரையளவில் பிடிக்கும் இடம் 17 மீட்டர் சொச்சம்தான். மிச்சம் கயிற்றுக்கு. கோணம் 90 பாகைக்குக் கீழே போக விடாதீர்கள்.

பின்சந்தில் கயிறு கட்டுவதற்கு முன் பக்கத்து வீட்டு அக்காவிடம் கம்பியைக் காட்டினேன். "துணி காயப்போடுற கயிறு மாதிரிதானே தம்பி, கட்டிக்கோ" என்றார். மேலே ஏறும் முன் கேட்டுவிடுவது நல்லது.

இவ்வளவு தாழ்வான 40 மீட்டர் டைபோல் பெரும்பாலும் வானத்தை நோக்கித்தான் வீசும். அதைக் குறையாக நினைக்காதீர்கள். மேலே போன அலை வானத்தில் பட்டு அருகிலேயே திரும்பி இறங்கும். பகலில் ஈப்போவும் கோலாலம்பூரும் கிடைப்பது அதனால்தான். திசையைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை.

கம்பிக்கு ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் பிவிசி உறையிட்ட 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போதும். முனைகளில் இன்சுலேட்டராக பிவிசி குழாய்த் துண்டு. காசை மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் நடுப்பகுதி. அங்கே 31 வகை ஃபெரைட் (காந்தப் பொருள்) வளையத்தில், ரேடியோவிலிருந்து வரும் ஆர்ஜி-58 கோஆக்ஸ் கேபிளைப் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றி சோக் போடுங்கள். கேபிளின் வெளிப்புறத்தில் ஓடும் மின்னோட்டத்தைத் தடுப்பதுதான் சோக். அது இல்லாவிட்டால் கோஆக்ஸின் வெளிப்பின்னலே ஆன்டெனாவாகி, வீட்டுக்குள் இருக்கும் இரைச்சலையெல்லாம் ரேடியோவுக்குள் கொண்டுவரும்.

ஒவ்வொரு கையையும் பத்தரை மீட்டர் வெட்டி ஏற்றினேன். பிவிசி உறை அலையைக் கொஞ்சம் மெதுவாக்கும், அதனால் ஒத்ததிர்வு, அதாவது ஆன்டெனா இயல்பாக ஒத்துப்போகும் அலைவெண், 6.62 மெகாஹெர்ட்ஸில் நின்றது. 21 மீட்டரை 6.62-ஆல் பெருக்கி 7.1-ஆல் வகுத்தால் 19.58. ஆக, ஒரு கைக்கு 71 சென்டிமீட்டர் குறைக்க வேண்டும். உடனே வெட்டாதீர்கள். முதலில் 50 சென்டிமீட்டரை மடக்கி, கம்பியோடு கம்பியாக முறுக்கி, ஏற்றி அளந்து பாருங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக.

முதல் ஆண்டு மழைக்குப் பிறகு என் எஸ்.டபிள்யூ.ஆர். முழு பேண்டிலும் 1.2 காட்டியது. அனுப்பும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் அளவு அது; 1 என்றால் எதுவும் திரும்பவில்லை. மகிழ்ந்துபோனேன். ஆனால் கூப்பிட்டால் யாரும் பதில் தரவில்லை. மேலே உள்ள இணைப்பு வழியாக மழைநீர் இறங்கி கோஆக்ஸ் நனைந்திருந்தது. நனைந்த கேபிள் சக்தியைத் தின்றுவிடும், திரும்பி வருவதையும் தின்றுவிடும். அதனால் மீட்டர் அழகாகக் காட்டும். டைபோலின் எஸ்.டபிள்யூ.ஆர். பேண்ட் நடுவில் இறங்கி ஓரங்களில் ஏறவேண்டும். எங்கும் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள். இப்போது இணைப்பின் மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுகிறேன், ஓட்டின் அடுக்குப் போல. கேபிள் வீட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும். கடற்காற்று இரும்பை அரிக்கும் ஊர் இது, ஆகவே போல்ட் எல்லாம் ஸ்டெயின்லெஸ்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வழி வேறு. 20 மீட்டர் பேண்டுக்கு 10 மீட்டர் கம்பி, ஒரு முனையில் கம்பியின் மின்மறுப்பைக் கேபிளோடு பொருத்தும் 49-க்கு 1 டிரான்ஸ்ஃபார்மர். நிர்வாகத்திடம் அனுமதி வாங்கிய பிறகே. 100 வாட் விட்டால் அந்த முனையில் ஏறக்குறைய 500 வோல்ட் நிற்கும், பிள்ளைகளின் கைக்கு எட்டக்கூடாது. 10 வாட்டே போதும்.

இரைச்சல் வந்தால் ரேடியோவை பேட்டரியில் ஓட்டி, வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு தீபாவளிக்குப் போட்ட விளக்குச் சரம்தான் குற்றவாளி. அதன் அடாப்டரை மாற்றியதும் பேண்ட் அமைதியானது.

எஸ்.கே.எம்.எம். (மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம்) தந்த அழைப்புக் குறி, அதாவது வானொலியில் உங்கள் அடையாளப் பெயர், கையில் வந்த பிறகு, இரவு ஒன்பதரைக்கு மேல் உட்காருங்கள். தமிழ்நாட்டில் அப்போது மணி ஏழு. சென்னை இங்கிருந்து ஏறக்குறைய 2,350 கிலோமீட்டர். முதன்முதலில் அந்த அலைவரிசையில் தமிழ்க் குரல் கேட்ட இரவு எனக்குக் கண் கலங்கியது. பேசி முடித்ததும் கோஆக்ஸைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே விட்டுவிடுங்கள். நம் ஊரில் இடி சொல்லிக்கொண்டு வராது.