கலிஃபோர்னியாவில் உங்கள் ஊர்ச் சட்டத்தை வாக்குச்சீட்டில் ஏற்றுவது எப்படி

நகர மன்றம் கொண்டுவர மறுக்கும் ஒரு சட்டத்தை ஊர் மக்களே எழுதி, கையெழுத்து திரட்டி, வாக்கெடுப்புக்கு வைக்கும் உரிமை கலிஃபோர்னியாவில் 1911 முதல் இருக்கிறது. இதன் பெயர் 'இனிஷியேட்டிவ்'. உரிமை மக்களுடையது என்றாலும் வழிமுறை மாநிலத்துடையது. தேர்தல் சட்டத்தொகுப்பின் 9200-ஆம் பிரிவில் தொடங்கும் விதிகள், மனுவின் எழுத்தளவு வரை சொல்லிவிடுகின்றன. மனுவை வாங்கும் நகர எழுத்தருக்கு 'சின்னத் தவறுதானே' என்று கண்டும் காணாமல் விடும் அதிகாரம் கிடையாது. அவர் கடுமையானவர் என்று கோபப்பட்டுப் பயனில்லை.

எதையும் எழுதுவதற்கு முன் இரண்டு விஷயங்களைப் பார்த்துவிடுங்கள். லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ போல உங்கள் நகரத்துக்குச் சொந்த சாசனம் (நகரம் தனக்கென வகுத்துக்கொண்ட அடிப்படைச் சட்டம்) இருந்தால் விதிகளும் எண்ணிக்கையும் மாறக்கூடும். இங்கே சொல்வதெல்லாம் மாநிலப் பொதுச் சட்டப்படி நடக்கும் நகரங்களுக்கு. இரண்டாவது, நீங்கள் கேட்பது சட்டமாக இருக்க வேண்டும், நிர்வாக வேலையாக இருக்கக் கூடாது. 'மரம் வெட்டுவதற்கு இன்ன விதி' என்பது சட்டம். ஏற்கெனவே உள்ள விதிப்படி ஒருவருக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்யச் சொல்வது நிர்வாகம், அது நீதிமன்றத்தில் நிற்காது.

வரைவு தயாரானதும் நகர எழுத்தரிடம் அறிவிப்பு ஒன்றைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒருவர் முதல் மூவர் வரை முன்மொழிபவராகக் கையெழுத்திடலாம். சட்டத்தின் முழு வாசகம் அதனுடன் கட்டாயம். காரணங்களை விளக்கும் குறிப்பு உங்கள் விருப்பம், வைத்தால் 500 சொல்லுக்குள். கட்டணம் 200 டாலரைத் தாண்டக் கூடாது. ஓராண்டுக்குள் மனு தேறியதாகச் சான்று கிடைத்தால் பணம் திரும்பி வரும். திரட்டும் கையெழுத்துகளை வேறு எதற்கும் பயன்படுத்தமாட்டோம் என்ற உறுதிமொழித் தாளிலும் முன்மொழிபவர்கள் கையெழுத்திட வேண்டும். பலர் மறப்பது இதைத்தான்.

பிறகு 15 நாளுக்குள் நகர வழக்கறிஞர் தலைப்பும் 500 சொல்லுக்கு மிகாத சுருக்கமும் தருவார். அது ஒருதலைப்பட்சமாக இருப்பதாகத் தோன்றினால் நீதிமன்றம் போகலாம். ஆனால் கையெழுத்துக்கான 180 நாள் கடிகாரம், தலைப்பும் சுருக்கமும் உங்கள் கைக்கு வந்த அன்றே ஓடத் தொடங்கிவிடும். அவற்றையும் அறிவிப்பையும் நாளிதழிலோ வார இதழிலோ வெளியிட்ட பிறகுதான் தெருவில் இறங்க முடியும். உள்ளூர் இதழ் வாரம் ஒருமுறை வருவதாக இருந்தால், ஒரு இதழைத் தவறவிட்டால் 7 நாள் போச்சு. வெளியான பின் 10 நாளுக்குள் அதற்கான பிரமாணப் பத்திரத்தை எழுத்தரிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி தாள். மனுவைப் பல தொகுப்புகளாக அச்சிடலாம். ஆனால் ஒவ்வொரு தொகுப்பிலும் முழு வாசகம், அறிவிப்பு, தலைப்பும் சுருக்கமும் இருந்தாக வேண்டும். கையெழுத்து விழும் ஒவ்வொரு பக்கத்தின் மேலேயும் சட்டம் சொல்லும் தலைப்பு வரி, 12 புள்ளிக்குக் குறையாத தடித்த எழுத்தில். கையெழுத்து கேட்பவர் கூலிக்கு வந்தவராகவோ தன்னார்வலராகவோ இருக்கலாம், கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு என்ற வாசகமும் இருக்க வேண்டும். முழு வாசகம் என்றால் முழுதும். ஹேவர்டு நகரத்தில் நகரத் திட்டத்தை நிலைநிறுத்தக் கேட்ட ஒரு மனு, அந்தத் திட்டத்தின் வாசகத்தைச் சேர்க்காமல் அதைச் சுட்டிக்காட்டியதோடு நின்றது. 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது.

எத்தனை கையெழுத்து வேண்டும்? அறிவிப்பு வெளியான நேரத்தில் நடப்பில் இருந்த வாக்காளர் பதிவு அறிக்கைப்படி, நகரத்தில் பதிவுபெற்ற வாக்காளரில் 10 சதவீதம். போன தேர்தலில் வாக்களித்தவர் எண்ணிக்கை அல்ல. கையெழுத்திடுபவர் தன் பெயரையும் வீட்டு முகவரியையும் தன் கையாலேயே எழுத வேண்டும். தபால் பெட்டி எண் வீட்டு முகவரி ஆகாது. முகவரி வாக்காளர் பதிவோடு பொருந்த வேண்டும், வீடு மாறியும் பதிவை மாற்றாதவர்களால்தான் நிறைய கையெழுத்து வீணாகும். முழுப் பெயருக்குப் பதில் இனிஷியல் போட்டதற்காக மட்டும் ஒரு கையெழுத்தைத் தள்ள முடியாது, நம்மவர்களுக்கு இது ஆறுதல். திரட்டுபவருக்கு 18 வயது ஆகியிருந்தால் போதும். தொகுப்பின் கடைசியில், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை திரட்டினார் என்று அவர் தன் கையால் எழுதி உறுதிசெய்ய வேண்டும். முன்கூட்டியே தேதியை நிரப்பிவைத்து, மறுநாளும் நான்கு பேரிடம் வாங்கினால் அந்த நான்கும் ஆபத்தில்.

எல்லாத் தொகுப்புகளையும் ஒரே தடவையில், அலுவலக நேரத்தில் கொடுக்க வேண்டும். மீதியை நாளைக்கு என்பது நடக்காது. சனி, ஞாயிறு, விடுமுறை நீங்கலாக 30 நாளில் சரிபார்ப்பு. 500-க்கு மேல் இருந்தால் மாதிரி எடுத்துப் பார்க்கலாம்: 500 அல்லது 3 சதவீதம், இதில் எது அதிகமோ அது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். ஊரில் 60,000 வாக்காளர், தேவை 6,000, நீங்கள் கொடுத்தது 8,000. மாதிரி 500. அதில் ஒவ்வொன்றும் 16 கையெழுத்துக்குச் சமம். 414 செல்லுபடியானால் 6,624 என்று கணக்கு வரும். தேவையின் 110 சதவீதமான 6,600-ஐத் தாண்டியதால் அங்கேயே தேறிவிடும். ஆனால் மாதிரிக்குள் ஒரே ஆள் இரண்டு முறை கையெழுத்திட்டது சிக்கினால்? மாநில அளவிலான மனுக்களுக்குரிய சூத்திரத்தை எழுத்தர் பயன்படுத்தினால், ஒரு இரட்டைக்கு 16-ஐ 15-ஆல் பெருக்கி 240 கழியும். 6,384. தேவையின் 95 சதவீதத்துக்கும் 110 சதவீதத்துக்கும் இடையில் விழுந்ததால் ஒவ்வொரு கையெழுத்தையும் எண்ண வேண்டும், மனு தாக்கலிலிருந்து 60 வேலைநாள் வரை போகும். 95-க்குக் கீழே போனால் முடிந்தது. அதனால் தேவையை விட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் திரட்டுவதும், கொடுப்பதற்கு முன் நீங்களே இரட்டைகளைத் தேடி அடிப்பதும் நல்லது. தோற்றால், சான்று வந்த 21 நாளுக்குள் எந்தெந்தக் கையெழுத்து ஏன் விழுந்தது என்று முன்மொழிபவர் பார்க்கலாம். புதிதாகச் சேர்க்க முடியாது, புது மனுதான்.

தேறிய மனுவை மன்றம் ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே சட்டமாக்கலாம், வாக்கெடுப்புக்கு விடலாம், அல்லது 30 நாளில் ஒரு ஆய்வறிக்கை கேட்டு, அது வந்த 10 நாளில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். வாக்கெடுப்பு என்றால், மன்றம் உத்தரவிட்டு 88 நாளுக்குக் குறையாமல் வரும் அடுத்த வழக்கமான நகரத் தேர்தலில். முன்பு 15 சதவீதம் கையெழுத்து காட்டித் தனித் தேர்தல் கேட்க முடிந்தது, 2017-இல் அந்த விதியை நீக்கிவிட்டார்கள்.

இடையில் பணக் கணக்கும் உண்டு. ஓராண்டில் 2,000 டாலர் திரட்டிவிட்டாலே சட்டத்தின் கண்ணில் நீங்கள் ஒரு பிரசாரக் குழு, 10 நாளுக்குள் 410-ஆம் படிவம் தாக்கலாக வேண்டும்.

வாக்கெடுப்பில் பெரும்பான்மை கிடைத்தால், மன்றம் முடிவை அறிவித்த 10 நாள் கழித்துச் சட்டம் நடைமுறைக்கு வரும். அதன் பிறகு மக்கள் வாக்களித்தால் ஒழிய அதை மாற்றவோ நீக்கவோ முடியாது. உங்கள் வரைவில் ஒரு எண் தவறாகப் பதிந்திருந்தாலும் இதே கதைதான். எனவே எந்தப் பிரிவை மன்றம் தானே திருத்தலாம் என்று ஒரு உட்பிரிவை, முதல் நாள் தாக்கல் செய்யும் வாசகத்திலேயே எழுதிவையுங்கள்.