ஒரு பிடி வைக்கோலில் சிப்பிக் காளானும் பாரமீசியமும்

டியூஷன் பிள்ளைகளிடம் "காளானையும், தண்ணீரில் வாழும் ஒருசெல் உயிரான பாரமீசியத்தையும் ஒப்பிடு" என்றால் உடனே நோட்டின் நடுவில் கோடு போட்டுவிடுவார்கள். பேனாவை மூடி வைத்துவிட்டு வைக்கோல் எடுத்துவரச் சொல்வேன். இரண்டுக்கும் சோறு போடுவது அதுதான்.

முதலில் பாரமீசியம். ஒரு பிடி வைக்கோலை நறுக்கி அரை லிட்டர் தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்க வையுங்கள். நன்றாக ஆறவிட்டு, 2 நாள் மூடாமல் வைத்தால் பாக்டீரியா பெருகித் தண்ணீர் கலங்கும். அதில் குளத்தோரப் பாசித் தண்ணீர் அரை டம்ளர் சேருங்கள். முதல் தடவை அவசரப்பட்டுச் சூட்டோடு ஊற்றிவிட்டேன். ஒரு வாரம் காத்திருந்ததுதான் மிச்சம். 4, 5 நாளில் மேலே ஏடு கட்டும். அதன் அடியிலிருந்து ஒரு சொட்டு எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் பாரமீசியம் வெள்ளைப் புள்ளிகளாக ஓடுவது வெறுங்கண்ணுக்கே தெரியும். மைக்ரோஸ்கோப்பில் நிற்காமல் ஓடும், அதனால் பஞ்சை மெல்லியதாகப் பிரித்துச் சொட்டில் போட்டு வேலி கட்டுங்கள்.

காளானுக்குக் கடைப் பாக்கெட் போதும். குடையின் அடி மடிப்பு கீழே இருக்கும்படி கறுப்புத் தாளில் வைத்து, கிண்ணத்தால் மூடுங்கள். காலையில் வெளிறிய பொடி படிந்திருக்கும். அவ்வளவும் ஸ்போர், காளானுக்கு விதை மாதிரி. (ஊதாதீர்கள், இருமல் வரும்.) ஒரே செல்லான பாரமீசியம், அந்த ஸ்போரைவிட 20 மடங்குக்கு மேல் நீளம்! 'ஒரு செல் என்றால் குட்டி' என்ற நினைப்பு இங்கேயே போய்விடும்.

சாப்பாட்டில்தான் பெரிய வித்தியாசம். காளான் இழைகள் நொதிகளை வெளியே விட்டு, வைக்கோலில் உள்ள லிக்னின் என்ற கடினப் பொருளைக்கூடக் கரைத்து உறிஞ்சிக்கொள்ளும். பாரமீசியத்துக்கு வைக்கோலைத் தின்னத் தெரியாது. வைக்கோல் சாற்றில் பெருகும் பாக்டீரியாவை, உடம்பில் மயிர் போல இருக்கும் குறு இழைகளால் வாய்க்குள் தள்ளி விழுங்கும்.

அடுத்து, மடிப்பைப் பிளேடால் மெல்லச் சீவி, வெறும் தண்ணீரில் வைத்து 400 மடங்கில் பாருங்கள். செல்கள் வெடிக்காது, கைட்டின் என்ற உறுதியான பொருளாலான சுவர் தாங்கிக்கொள்ளும். பாரமீசியத்துக்குச் சுவர் இல்லை. உள்ளே புகும் தண்ணீரைச் சுருங்கும் நுண்குமிழ் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நிமிடத்தில் எத்தனை தடவை சுருங்குகிறது என்று எண்ணுங்கள். பிறகு கவர்சிலிப் ஓரத்தில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் விட்டு மறுபடி எண்ணினால், இறைப்பு மந்தமாகியிருக்கும். உப்பு நாக்கில் லேசாகக் கரித்தால் போதும். கூடினால் பாரமீசியம் சுருங்கிச் செத்துவிடும், எண்ண ஒன்றும் மிஞ்சாது.