ஹோம் மாறினால் தபாலும் கூட வர வேண்டும்

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது புதுச்சேரி கிருஷ்ணா நகர் பக்கம் பெரியப்பா இருந்த முதியோர் இல்லத்தின் கீழ்த்தளத்தில் முழங்கால் வரை தண்ணீர். அடுத்த வாரமே அவரைக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், எங்கள் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரு ஹோமில் சேர்த்தோம். துணிமணி, மாத்திரை டப்பா, வாக்கர், பெரியம்மா போட்டோ எல்லாம் ஒரே டெம்போவில் வந்து சேர்ந்தன. தபாலைப் பற்றி மட்டும் ஒருவரும் நினைக்கவில்லை.

பெரியப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். வருஷத்துக்கு ஒருமுறை பிரான்சிலிருந்து உயிர்ச் சான்றுப் படிவம் தபாலில் வரும், கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக் கெடுவுக்குள் திருப்பி அனுப்பினால்தான் பென்ஷன் தொடரும். அந்தக் கவர் பழைய ஹோமின் ஆபீஸ் மேஜை டிராயரில், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கடிதக் கட்டுக்குள், இரண்டு மாதத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. பென்ஷன் நின்ற பிறகுதான் தேடிப் போனோம். அதே கட்டுக்குள் ஏற்கெனவே இறந்துபோன இரண்டு பேருக்கு வந்த கடிதங்களும் பிரிக்காமல் இருந்தன. அதைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன். வீட்டுப் பெரியவரை ஒரு ஹோமிலிருந்து இன்னொன்றுக்கோ வீட்டுக்கோ மாற்றப் போகிறீர்கள் என்றால், டெம்போ பேசுகிற நாளிலேயே இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள்.

முதலில் எந்த போஸ்ட் ஆபீசுக்குப் போவது என்பதிலேயே நிறைய பேர் தவறு செய்கிறார்கள். புது ஊர் போஸ்ட் ஆபீசில் சொன்னால் பயனில்லை, ஏனென்றால் கடிதம் அங்கே வருவதே இல்லை. கவரில் இருக்கும் பின்கோடைப் பார்த்துத்தான் தபால் பிரிகிறது, 605008 என்று போட்டிருந்தால் அது லாஸ்பேட்டைக்குத்தான் போகும், அந்தத் தெருவுக்கு உரிய போஸ்ட்மேன் கைக்குத்தான் வரும். அதனால் பழைய முகவரிக்குப் பட்டுவாடா செய்கிற அஞ்சலகத்துக்குத்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். முடிந்தால் காலையில் போஸ்ட்மேன்கள் தபாலைப் பிரித்து அடுக்குகிற நேரத்தில் போய், போஸ்ட் மாஸ்டரிடம் கடிதத்தைக் கொடுத்துவிட்டு அந்த பீட் போஸ்ட்மேனிடமும் நேரில் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். என் அனுபவத்தில் அந்த இரண்டு வார்த்தைக்கு நல்ல பலன் இருந்தது.

கடிதம் இப்படி இருந்தால் போதும்: "ஐயா, மேற்கண்ட முதியோர் இல்லத்தில் தங்கியிருந்த நான் இன்ன தேதி முதல் கீழ்க்கண்ட முகவரிக்குக் குடிபெயர்ந்துவிட்டேன். என் பெயருக்கு வரும் சாதாரணத் தபால், ஸ்பீட் போஸ்ட், பார்சல் அனைத்தையும் புதிய முகவரிக்கு மாற்றி அனுப்பக் கேட்டுக்கொள்கிறேன். இல்லத்தில் உள்ள மற்றவர்களின் தபாலுக்கு இது பொருந்தாது." கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஒரே முகவரியில் நாற்பது பேர் இருக்கிற இடம் அது. அப்புறம் "திருப்பி அனுப்பவும்" என்று எழுதாதீர்கள், அனுப்பியவருக்கே திருப்பிவிடச் சொல்வதாக அர்த்தமாகிவிடும். "மாற்றி அனுப்பவும்" என்பதுதான் சரி.

கையெழுத்து பெரியவருடையதாக இருக்க வேண்டும், நம்முடையது அல்ல. கை நடுங்கினால் இடது கைப் பெருவிரல் ரேகை, பக்கத்தில் சாட்சிக் கையெழுத்து. ஆதார் நகல் ஒன்று இணையுங்கள். பெயரை எத்தனை விதமாகக் கவரில் எழுதுவார்களோ அத்தனையையும் குறிப்பிடுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்கு இது ரொம்ப முக்கியம். பிரெஞ்சுக் காகிதத்தில் இருக்கும் எழுத்து ஒன்று, ஆதாரில் இருப்பது வேறொன்று, பேங்கில் இன்ஷியல் முன்னால், எல்ஐசியில் பின்னால். போஸ்ட்மேனுக்கு இவர்கள் எல்லாம் ஒரே ஆள் என்று எப்படித் தெரியும்? கடிதத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் தேதி முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நாளைக்கு இது செல்லும் என்று அங்கேயே கேட்டு, முடிகிற தேதியைக் காலண்டரில் குறித்து, அதற்கு முன்பே இன்னொரு கடிதம் கொடுங்கள். ஒருமுறை எழுதிக் கொடுத்தால் ஆயுசுக்கும் வரும் என்று இருந்துவிடக் கூடாது. கொரியர்காரர்களுக்கு இந்தக் கடிதம் செல்லாது என்பதையும் நினைவில் வையுங்கள், அவர்கள் கம்பெனி வேறு.

அடுத்தது பழைய ஹோம். வார்டனோ மேட்ரனோ சிஸ்டரோ, யார் தபால் வாங்குகிறாரோ அவரிடம் புது முகவரியைக் கொட்டை எழுத்தில், பின்கோடோடு எழுதிக் கொடுத்து, ஆபீஸ் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். முக்கியமான விஷயம், ஸ்பீட் போஸ்ட் வந்தால் அவர்கள் கையெழுத்துப் போட்டு வாங்கவே கூடாது. 2025 செப்டம்பர் 1 முதல் ரிஜிஸ்டர் தபாலையும் ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்கள், ஆக முக்கியமான காகிதங்கள் பெரும்பாலும் இந்த வழியில்தான் வருகின்றன. ஹோமில் நல்ல எண்ணத்தோடுதான் கையெழுத்துப் போட்டு வாங்கி வைக்கிறார்கள், ஆனால் அனுப்பியவர் பார்த்தால் டெலிவரி ஆகிவிட்டது என்று இருக்கும், அதற்கு மேல் யாரும் கவலைப்பட மாட்டார்கள், கவர் டிராயருக்குள் போய்விடும். வாங்காமல் "இந்த முகவரிக்குப் போய்விட்டார்" என்று போஸ்ட்மேனிடம் சொன்னால் ஒன்று நம்மிடம் வரும், இல்லை அனுப்பியவரிடமே திரும்பும். இரண்டுமே டிராயரை விட மேல்.

சாதாரணக் கடிதம் தப்பித் தவறி வந்துவிட்டால், பிரிக்காமல், பழைய முகவரியை அடித்துப் புது முகவரியை எழுதி அன்றைக்கோ மறுநாளோ தபால் பெட்டியில் போட்டால் போதும். இது தெரியாமல்தான் பல ஆபீஸ்களில் கவர்கள் குவிகின்றன. ஹோமில் இருக்கும் ஆயாவோ வாட்ச்மேனோ ஒருவருடைய நம்பரை வாங்கி வைத்து, மாதம் ஒருமுறை "அய்யாவுக்கு ஏதாவது வந்திருக்கா?" என்று கேளுங்கள். எங்களுக்கு அந்தக் கட்டு இருப்பதைச் சொன்னதே ஒரு ஆயாதான்.

சரி, இதெல்லாம் ஒட்டுப்போடுகிற வேலைதான். அனுப்புகிறவரிடமே முகவரியை மாற்றினால்தான் பிரச்சினை தீரும். பழைய கவர்களை எடுத்துப் பாருங்கள், யார் யார் எழுதுகிறார்கள் என்று அதிலேயே தெரிந்துவிடும். பென்ஷன் முதலில், பேங்க் இரண்டாவது, மற்றதெல்லாம் பிறகு. பிரெஞ்சு பென்ஷன் என்றால் பென்ஷன் கொடுக்கும் அலுவலகத்துக்கே முகவரி மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும், போஸ்ட் ஆபீஸ் பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள், கடல் கடந்து வருகிற கவர் ஒருமுறை திசை மாறினால் கெடு தாண்டிவிடும். நம்மூர் அரசு பென்ஷனுக்கு நவம்பரில் உயிர்ச் சான்று. 80 வயது ஆனவர்கள் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம். ஆதாரை வைத்து டிஜிட்டலாக உயிர்ச் சான்று கொடுக்கும் ஜீவன் பிரமாண் முறையில் கொடுத்தால் காகிதமே வேண்டாம். போஸ்ட்மேனே ஹோமுக்கு வந்து 70 ரூபாய் கட்டணத்தில் விரல் ரேகையோ முகமோ வைத்து முடித்துக் கொடுப்பார், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு இது பெரிய உதவி.

பேங்கில் முகவரி மட்டும்தான் மாறுகிறது என்றால் சுய உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் ஏற்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் இரண்டு மாதத்துக்குள் அந்த முகவரியைச் சரிபார்ப்பார்கள். அதற்காகக் கடிதம் வரலாம், ஆளே வரலாம். அப்போது புது ஹோமின் வாசலில் "அப்படி யாரும் இங்கே இல்லையே" என்று சொல்லிவிட்டால் எல்லாம் வீண். ஆகவே சேர்க்கிற அன்றே புது ஹோம் ஆபீசிலும், செக்யூரிட்டியிடமும் பெரியவரின் முழுப் பெயரை எழுதிக் கொடுங்கள். ஏடிஎம் கார்டு, பின் நம்பர் கவர் வந்தால் பிரிக்காமல் அவர் கையில்தான் கொடுக்க வேண்டும் என்பதையும் அப்போதே கறாராகச் சொல்லிவிடுங்கள்.

ஆதாரை மாற்றுவதற்கு முன் கொஞ்சம் நிதானம். புதுச்சேரியிலிருந்து கடலூர் ஒரு மணி நேரப் பஸ் பயணம்தான், ஆனால் மாநிலம் வேறு. புதுச்சேரி அரசின் முதியோர் உதவித்தொகை, ரேஷன் கார்டு எல்லாம் அங்கே குடியிருப்பதை வைத்து வருகின்றன. இரண்டு மாதம் தங்கிப் பார்க்கத்தான் அழைத்து வந்திருக்கிறீர்கள் என்றால் தபாலை மட்டும் மாற்றுங்கள். நிரந்தரம் என்று முடிவான பிறகு ஆதாரையும், படிவம் 8 கொடுத்து வாக்காளர் பட்டியலையும் மாற்றலாம்.

புது முகவரியில் ஊர்ப் பெயர் எப்படி எழுதினாலும் பின்கோடு சரியாக இருக்கட்டும். திருப்பாதிரிப்புலியூர், திருப்பாப்புலியூர் என்று ஆளுக்கொரு மாதிரி எழுதுவார்கள், 607002 இருந்தால் வந்துவிடும். தபால் எங்கேயாவது நின்றுவிட்டதாகத் தோன்றினால் 1800 266 6868 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், ஸ்பீட் போஸ்ட் என்றால் எழுத்தும் இலக்கமும் சேர்ந்து 13 இடம் வருகிற அதன் எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

இன்னொன்று, பேங்க், பென்ஷன் வேலையில் பெரியவருடைய சிநேகிதர்களை மறந்துவிடாதீர்கள். பெரியப்பாவோடு ராணுவத்தில் இருந்தவர் ஒருவர் காரைக்காலில் இருக்கிறார், காது கேட்காது, போன் பேச முடியாது, பொங்கலுக்கு ஒரு கார்டு போடுவார், அவ்வளவுதான் தொடர்பு. அந்த டிராயர் கட்டுக்குள் அவருடைய கார்டும் இருந்தது. பதில் வராததால் அந்த மனுஷன் என்ன நினைத்திருப்பார்? பத்து போஸ்ட் கார்டு வாங்கி, புது முகவரியை எழுதி, கடைசி வரியை மட்டும் பெரியவரையே எழுதச் சொல்லிப் போட்டுவிடுங்கள். நாங்கள் போட்ட கார்டுக்கு ஒன்பதாவது நாள் காரைக்காலிலிருந்து பதில் வந்தது. பெரியப்பா அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறார்.